அடுக்கியவர் யார்?

சேந்தன் திவாகரம் என்னும் பழைய நிகண்டு பன்னிரண்டு தொகுதிகளால் ஆனது. தெய்வப் பெயர்களில் தொடங்கி மக்கள், விலங்கு, மரம், இடம் என்று இறங்குகிறது. பல்வகைப் பொருள்கள், மனிதர் செய்த வடிவங்கள், பண்பு, செயல், ஒலி என்று தொடர்கிறது. ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களையும் தொகைப் பெயர்களையும் சொல்லி முடிகிறது. சொற்களுக்குப் பொருள் சொல்ல எழுந்த நூல்தான். ஆனால் அதை மனப்பாடம் செய்த மாணவன் உலகத்தில் எது முன்னே வரும், எது எதனோடு சேரும் என்பதையும் சேர்த்தே கற்றான். 1594இல் சிதம்பரம் ரேவண சித்தர் சொற்களை முதலெழுத்து வரிசையில் வைத்து அகராதி நிகண்டைச் செய்தபோது அந்த அடுக்கு குலைந்தது. 1732இல் வீரமாமுனிவரின் சதுரகராதியோடு அகரவரிசை உறுதியாக வேர்பிடித்தது. அகரவரிசைக்கு உலகத்தைப் பற்றிக் கருத்து எதுவும் கிடையாது. அரசன், அரட்டை, அரணை மூன்றும் அதில் அக்கம்பக்கம். நிகண்டு, நெஞ்சில் சுமப்பவருக்காகச் செய்த அடுக்கு; அகராதி, ஏட்டைப் புரட்டித் தேடுபவருக்காகச் செய்த அடுக்கு. கருவி மாறும்போது அடுக்கும் மாறியது. அடுக்கு மாறியபோது, அறிவு என்றால் என்ன என்ற எண்ணமும் கூடவே நகர்ந்தது.

இணையம் கொண்டுவந்திருப்பது இதே வரிசையில் அடுத்த மாற்றம். அதைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் சொல்வது, இனி அடுக்கே தேவையில்லை என்பது: எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டி வைக்கலாம், வேண்டியதை வேண்டும்போது தேடி எடுத்துக்கொள்ளலாம். டேவிட் வைன்பெர்கர் 2007இல் வெளியிட்ட ‘எவ்ரிதிங் இஸ் மிஸலேனியஸ்’ என்ற நூல் இந்த எண்ணத்துக்குத் தெளிவான வடிவம் கொடுத்தது. அதில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதி, நாம் கவனிக்கத் தவறியது. தேடல் பெட்டியில் ஒரு சொல்லை இட்டதும் வந்து நிற்கும் பட்டியலும் ஓர் அடுக்குதான். எது முதலில், எது பத்தாவது, எது வராமலே போவது என்பதை யாரோ எங்கோ தீர்மானித்திருக்கிறார்கள். அடுக்கு அழியவில்லை, கண்ணுக்குத் தெரிந்த இடத்திலிருந்து தெரியாத இடத்துக்குப் போயிருக்கிறது. இணையம் செய்த மாற்றங்களில் மிகப் பெரியது இதுவே என்பது என் முடிவு. அதற்கான காரணங்களை அடுக்கின் வரலாற்றிலிருந்தே எடுத்துக்காட்ட வேண்டும்.

அச்சுநூல் ஒரு பொருள். ஒரு பொருள் ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் இருக்கும். நூலகவியலின் தலைவலிகளில் பெரும்பாலானவை இந்த எளிய உண்மையிலிருந்து பிறந்தவை. 1876இல் அமெரிக்கரான மெல்வில் டூயி, அறிவு முழுவதையும் பத்து வகுப்புகளாக்கி எண் கொடுத்தார். சமயத்துக்கு 200 முதல் 299 வரை. அதில் 220 தொடங்கி 289 வரை விவிலியத்துக்கும் கிறித்தவத்துக்கும் போய்விட்டது. உலகின் மற்ற எல்லாச் சமயங்களும் 290 என்ற ஒரே அறைக்குள் நெருக்கியடித்து உட்கார வேண்டியதாயிற்று. இந்து சமயம் பின்னர் 294.5 என்ற புள்ளிக்குப் பின்னால் இடம் பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கரின் கண்ணில் உலகம் எப்படித் தெரிந்தது என்பதற்கு இந்த எண்களே சாட்சி. இதே காலத்தை ஒட்டி, 1895இல் பிரசல்ஸ் நகரில் பால் ஒத்லே, ஆன்றி லா ஃபோந்தேன் என்ற இருவர் உலகில் வெளியான நூல்கள் அனைத்துக்கும் அட்டைப் பட்டியல் தயாரிக்கத் தொடங்கினார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட அட்டைகள் இழுப்பறைகளில் சேர்ந்தன. வெளியூர்க்காரர்கள் கடிதம் எழுதிக் கேட்டால், கட்டணம் பெற்றுக்கொண்டு விடை தேடி அனுப்பினார்கள். தேடுபொறி என்ற எண்ணம் அட்டையிலும் அஞ்சலிலும் அப்போதே பிறந்துவிட்டது.

டூயியின் அடுக்கை உள்ளிருந்தே கேள்வி கேட்டவர் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். கணிதப் பேராசிரியராக இருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். பயிற்சிக்காக லண்டன் சென்றிருந்தபோது ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுக் கருவியைப் பார்த்தார். சில துண்டுகளையும் திருகாணிகளையும் மாற்றி மாற்றிப் பூட்டினால் வண்டி, பாலம், பளுதூக்கி எதுவும் செய்யலாம். அறிவையும் ஏன் இப்படிப் பூட்டக்கூடாது என்று கேட்டார். 1933இல் வெளிவந்த அவரது கோலன் பகுப்பு, ஒவ்வொரு நூலுக்கும் ஆயத்தமான அறை ஒன்றைத் தேடவில்லை. நூலின் பொருளைப் பல முகங்களாகப் பிரித்தது. தஞ்சாவூரில் நெற்பயிரைத் தாக்கும் நோயை 1950களில் எப்படித் தடுத்தார்கள் என்று ஒரு நூல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை வேளாண்மையில் வைப்பதா, நோயியலில் வைப்பதா, தஞ்சை வரலாற்றில் வைப்பதா? ரங்கநாதனுக்கு இது குழப்பமே இல்லை. நெல் ஒரு முகம், நோய் ஒரு முகம், தடுப்பு ஒரு முகம், தஞ்சாவூர் ஒரு முகம், காலம் ஒரு முகம். எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டினால் அதுவே நூலின் முகவரி. கோலன் பகுப்பை இந்தியாவுக்கு வெளியே மிகச் சில நூலகங்களே கைக்கொண்டன. ஆனால் இன்று இணையக் கடையில் புடவை தேடுபவர் துணி, நிறம், விலை, ஊர் என்று ஒவ்வொன்றாகக் குறியிட்டுச் சலித்து எடுக்கிறாரே, அந்த முறைக்குக் கோட்பாடு வகுத்த முன்னோடி சென்னையில் இருந்த ரங்கநாதன்தான். தாளில் சுமையாக இருந்த முறை, கணினியில் இயல்பானதாகிவிட்டது.

இணையமும் முதலில் நூலகத்தைப் போலவே தன்னை அடுக்கிக்கொள்ளப் பார்த்தது. 1994இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் இருவர் தொடங்கிய யாகூ, தளங்களை வகைவாரியாக மனிதர்களே பிரித்து வைத்த பட்டியல். 1998இல் தொடங்கிய டிமாஸ் என்ற திறந்த பட்டியலைத் தொண்டர்கள் பராமரித்தார்கள். பக்கங்கள் பெருகிய வேகத்துக்கு மனிதக் கை ஈடுகொடுக்கவில்லை. யாகூவின் பட்டியல் 2014 முடிவிலும் டிமாஸ் 2017இலும் மூடப்பட்டன. அவற்றின் இடத்தைப் பிடித்த கூகுளின் முறை நூலகத்திலிருந்து வந்ததல்ல, ஆய்விதழ்களிலிருந்து வந்தது. ஒரு கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று எண்ணி அதன் செல்வாக்கை அளக்கலாம் என்ற வழியை யூஜீன் கார்ஃபீல்டு 1964இல் தம் அறிவியல் மேற்கோள் சுட்டியால் திறந்துவைத்தார். லாரி பேஜும் செர்கே பிரினும் அந்த எண்ணிக்கையை இணைய இணைப்புகளுக்குப் பொருத்தினார்கள். ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டும் பக்கங்களின் மதிப்பு என்ன என்பதைக் கொண்டு வரிசை அமைந்தது. ‘இது எதைப் பற்றியது’ என்று நூலகர் கேட்டார். ‘இதை யார் மதிக்கிறார்கள்’ என்று தேடுபொறி கேட்டது. அடுக்குக்கு அடிப்படை பொருள் என்ற நிலை மாறி, செல்வாக்கு அடிப்படையாயிற்று. விளம்பரத்தை நம்பி நடக்கும் தேடுபொறி, தேடுபவரை விட்டு விளம்பரதாரர் பக்கம் சாய்வது இயல்பு என்று அந்த இருவரே 1998இல் தங்கள் ஆய்வுக் கட்டுரையின் பின்னிணைப்பில் எச்சரித்திருந்தார்கள் என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

இந்த மாற்றத்தால் விடுதலை கிடைக்கவில்லையா என்று கேட்பது நியாயமே. கிடைத்தது. பழைய அடுக்குகள் வெளியே நிறுத்தியவை ஏராளம். துண்டுப்பிரசுரம், நாடக நோட்டீசு, ஊர்க்கோயில் மலர், சிற்றிதழ் ஆகியவற்றுக்கெல்லாம் பல நூலகங்களின் தட்டில் இடமிருந்ததில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. ஒரே இடத்தில் அடுக்கி வைத்த அறிவுக்கு என்ன நேரலாம் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று தேவையில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பிரசுரங்களையும் மின்வடிவாக்கி, யாரும் எங்கிருந்தும் படிக்கும்படி வைத்திருக்கிறது. அதற்கு முன்பே, 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், உலகின் பல மூலைகளில் இருந்த தன்னார்வலர்களைக் கொண்டு தமிழ் இலக்கியங்களைத் தட்டெழுதி இணையத்தில் ஏற்றியது. கலைக்களஞ்சியத்தையும் எண்ணிப் பார்க்கலாம். பெரியசாமித் தூரன் தலைமையில் தமிழ் வளர்ச்சிக் கழகம் கொண்டுவந்த அந்த அரும்பணியின் முதல் தொகுதி 1954இல் வந்தது; இணைப்புத் தொகுதி வந்து பணி முடிந்தபோது 1968. முதல் தொகுதிக்கு 1956இன் மொழிவழி மாநிலங்கள் தெரியாது, விண்வெளிக்குப் போன முதல் செயற்கைக்கோள் தெரியாது. அச்சுக்கு இருந்த இந்தத் தளை இணையத்துக்கு இல்லை. இவ்வளவையும் மனமார ஒப்புக்கொண்ட பிறகுதான் எதிர்வாதம் தொடங்குகிறது.

டூயியின் ஓரவஞ்சனை அச்சிட்ட நூலில் எண்ணோடு இருந்தது. யார் வேண்டுமானாலும் அதை எடுத்துப் பார்த்து, 290இல் எங்களை நெருக்கியது ஏன் என்று கேட்கலாம். கேட்டார்கள், பதிப்புக்குப் பதிப்பு திருத்தங்களும் வந்தன. ரங்கநாதன் மாற்று முறையையே படைத்துக் காட்டினார். குறை கண்ணுக்குத் தெரிந்ததால்தான் வாதாட முடிந்தது. தேடல் வரிசை அப்படிப்பட்டதல்ல. அது ஆளுக்கும் ஊருக்கும் நாளுக்கும் ஏற்ப மாறுகிறது. நேற்று வந்த வரிசை இன்று இல்லை. உங்கள் திரையில் வந்தது என் திரையில் வராது. கூகுள் தன்னுடைய பொருள்விலை ஒப்பீட்டுச் சேவையை மேலே ஏற்றி, போட்டிச் சேவைகளைக் கீழே தள்ளியது என்ற முறையீட்டை ஐரோப்பிய ஆணையம் 2010இல் விசாரிக்கத் தொடங்கியது. 2017இல் 242 கோடி யூரோ தண்டம் விதித்தது. அந்தத் தீர்ப்பை ஐரோப்பிய நீதிமன்றம் உறுதி செய்தது 2024இல். ஓர் அடுக்கு ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை நிலைநாட்ட ஒரு கண்டத்தின் அரசமைப்பு முழுவதற்கும் பதினான்கு ஆண்டுகள் பிடித்தன. கடையில் விற்கும் பொருளுக்கே இந்தப் பாடு என்றால், வரலாறும் மருத்துவமும் எந்த வரிசையில் வருகின்றன என்பதைத் தனி ஒரு வாசகர் எப்படிச் சோதிப்பார்?

பழைய அடுக்கும் சாமானியருக்குத் தெரிந்திருக்கவில்லை, பகுப்பு எண்ணின் பொருள் நூலகருக்குத்தானே தெரியும் என்று ஒருவர் மறுக்கலாம். பெரும்பாலோர் பார்க்கவில்லை என்பது உண்மை. ஆனால் பார்க்க விரும்பியவரைத் தடுத்தவர் இல்லை. எல்லாரும் படிப்பதில்லை என்பதால் சட்டப் புத்தகத்தைப் பூட்டி வைக்கலாம் என்று யாரும் சொல்வதில்லை. அதோடு, மறைந்திருப்பது இணையத்தின் பிறவிக்குணமும் அல்ல. விக்கிப்பீடியாவே அதற்கு மறுப்பு. 2001இல் தொடங்கிய அந்தக் களஞ்சியத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் வரலாற்றுப் பக்கம் உண்டு. எந்த வரியை எந்தப் பயனர் எந்த நாளில் சேர்த்தார், எது நீக்கப்பட்டது, ஏன் சண்டை நடந்தது எல்லாம் அங்கே கிடக்கின்றன. அமெரிக்க இதழாளர் ஜான் சீகந்தாலர் கொலைச் சதியில் தொடர்புடையவர் என்ற பொய் 2005இல் சுமார் நான்கு மாதம் அதில் திருத்தப்படாமல் கிடந்தது, பெரிய இழுக்கு. அதே 2005இல் ‘நேச்சர்’ இதழ் 42 அறிவியல் கட்டுரைகளை வல்லுநர்களிடம் கொடுத்து ஒப்பிட்டபோது, பிரிட்டானிக்காவில் கட்டுரைக்குச் சராசரி மூன்று பிழை, விக்கிப்பீடியாவில் நான்கு. பிரிட்டானிக்கா அந்த ஆய்வைக் கடுமையாக மறுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: பிழை எப்போது நுழைந்தது, எப்போது போனது என்பதை விக்கிப்பீடியாவில் பின்தொடர்ந்து பார்க்கலாம், பிரிட்டானிக்காவில் முடியாது. அச்சுப் பிரிட்டானிக்கா 244 ஆண்டுகளுக்குப் பிறகு 2012இல் நிறுத்தப்பட்டது. விக்கிப்பீடியாவோ, 2003இல் தொடங்கிய தமிழ்ப் பதிப்பு உட்பட, இன்றும் தன் தையலை வெளியே காட்டிக்கொண்டே வளர்கிறது.

தமிழுக்கு வரும்போது இந்த வாதம் இன்னும் கூர்மையாகிறது. தேடுபொறி ஆங்கிலத்துக்குப் பிறந்த கருவி. ஆங்கிலச் சொல் பெரும்பாலும் தன் உருவம் குலையாமல் நிற்கும். தமிழ்ச் சொல் அப்படி நிற்காது. ‘ஆறு’ என்று தேடினால் ‘ஆற்றில்’, ‘ஆற்றங்கரை’ ஆகியவற்றை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் பொறி காணாது; காண்பதிலோ நதியும் எண்ணும் கலந்து வரும். மரம் மரத்தை ஆகும், நாடு நாட்டின் ஆகும், சந்தியில் இரண்டு சொல் ஒட்டி ஒன்றாகும். வேர்ச்சொல்லைப் பிரித்தறியும் இலக்கண அறிவு உள்ளே இல்லாவிட்டால், இருக்கும் நூலும் இல்லாததாகிவிடும். பெயர்கள் அதைவிடச் சிக்கல். இந்திய நூலகவியலின் தந்தை எனப்படுபவரையே நாம் எஸ். ஆர். ரங்கநாதன் என்கிறோம், சீ. இரா. அரங்கநாதன் என்கிறோம், சீர்காழி இராமாமிருத ரங்கநாதன் என்கிறோம். உ. வே. சாமிநாதையர், சாமிநாத ஐயர், உ.வே.சா. மூவரும் ஒருவரே என்று நமக்குத் தெரியும்; பொறிக்கு யாராவது சொன்னால்தான் தெரியும். மேலை நாட்டு நூற்பட்டியல்கள் குடும்பப் பெயரை முன்னால் வைப்பவை. குடும்பப் பெயரே இல்லாமல் ஊரும் தந்தையும் முதலெழுத்தாக நிற்கும் தமிழ்ப் பெயரை அவை எங்கே வெட்டுவது என்று தெரியாமல் கண்ட இடத்தில் வெட்டின.

இவற்றின்மேல் எழுத்துரு வரலாறு வேறு. யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991இல், தமிழ் இடம் பெற்றுவிட்டது. ஆனால் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் திஸ்கி, தாப், தாம், பாமினி என்று ஆளுக்கொரு குறியேற்றத்தில் எழுதிக் குவித்தோம். ஒரு குறியேற்றத்தில் அடித்தது இன்னொன்றில் குப்பையாகத் தெரிந்தது. தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டது 2010இல். மாற்றி எழுதப்படாத பழைய பக்கங்கள் இன்றும் தேடலுக்கு எட்டாமல் கிடக்கின்றன. வருடி ஏற்றிய பழம்பதிப்புகளின் நிலையும் அதுவே. படமாக இருக்கும் பக்கத்தில் பொறி படிக்கக்கூடிய எழுத்து ஒன்றுகூட இல்லை. எழுத்துணரியைக் கொண்டு படிக்கவைத்தால், பழைய அச்சின் ஒற்றைக் கொம்பும் காலும் குழப்பிப் பிழை மலிகிறது. உ.வே.சா. தம் பதிப்புகளில் அரும்பத அகராதியும் மேற்கோள் அட்டவணையும் கையால் தொகுத்துச் சேர்த்தார். அந்த அட்டவணையின் உதவியால் ஒரு நூலுக்குள் நடந்த தேடல், அதே நூலின் வருடிய படத்தில் இணையம் வழியாக நடக்கவில்லை என்பது நம் காலத்து அவலம்.

இனி இயந்திரமே பொருள் அறிந்துகொள்ளும், பட்டியலும் குறிப்பும் எதற்கு என்பது அண்மைக் காலத்து மறுப்பு. சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்தது முதல் இது உரத்துக் கேட்கிறது. மொழி மாதிரிகள் சொற்களையும் வாக்கியங்களையும் எண்வரிசைகளாக மாற்றி, அருகருகே பயில்பவற்றைப் பொருளாலும் அருகில் வைக்கின்றன. நிகண்டின் பொருள்வழி அடுக்கு இங்கே வேறு உருவத்தில் திரும்பி வருகிறது என்றுகூடச் சொல்லலாம். வேற்றுமை உருபு ஏறிய தமிழ்ச் சொல்லைக்கூட இவை பழைய தேடுபொறியைவிட நன்றாகக் கண்டுகொள்கின்றன. அந்த நன்மையை மறுக்கவில்லை. ஆனால் நிகண்டின் பன்னிரண்டு தொகுதிகளுக்கும் பெயர் உண்டு. இந்த அடுக்கின் ஆயிரக்கணக்கான பரிமாணங்களுக்கு யாரும் பெயரிடவில்லை, அதை உருவாக்கியவர்களாலேயே முழுதும் விளக்க முடியவில்லை. தேடுபொறி பட்டியலையாவது தந்தது, எந்தப் பக்கத்துக்குப் போவது என்பது நம் கையில் இருந்தது. இது பட்டியலையும் கரைத்து ஒரே விடையாக்கித் தருகிறது. எந்த நூலிலிருந்து வந்தது என்ற வேர் பல நேரம் விடையில் தங்குவதில்லை. இந்த மாதிரிகளுக்கு உணவாகும் இணையத் திரட்டுகளில் ஏறத்தாழப் பாதி ஆங்கிலம். தமிழின் பங்கு நூற்றில் ஒன்றைக்கூட எட்டாது. எனவே அவற்றில் நல்ல தமிழ் அறிவு இருக்க வேண்டுமானால், மூலம் தெளிவாகக் குறித்த, பிழை நீக்கிய, ஒழுங்காக அடுக்கிய தமிழ்நூல்கள் முதலில் இணையத்தில் இருந்தாக வேண்டும். பொறி பட்டியலரின் வேலையை ஒழிக்கவில்லை. அந்த வேலையின்மேல்தான் அது நிற்கிறது. 2012இல் தொடங்கிய விக்கித்தரவு இதற்கு நல்ல சான்று. அங்கே தமிழ் மொழிக்கு கியூ5885 என்று ஓர் எண். தமிழ் என்று எழுதினாலும் வேறு எந்த எழுத்தில் எழுதினாலும் அந்த எண் ஒன்றே. ஒருவருக்குரிய எல்லாப் பெயர் வடிவங்களையும் ஓர் எண்ணின் கீழ் கொண்டுவரும் இந்தப் பணியில் மனிதர்கள் உழைக்கிறார்கள். பொறிகள் எடுத்துப் பயன்படுத்துகின்றன.

நிலையாமையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுக்குப் பின் திறக்கவில்லை என்று பியூ ஆய்வு மையம் 2024இல் கண்டறிந்தது. நூல் தொலைந்தாலும் பட்டியல் அட்டை மிஞ்சினால், அப்படி ஒரு நூல் இருந்தது என்பதாவது தெரியும். பக்கம் மறையும்போது அது இருந்தது என்ற செய்தியும் சேர்ந்தே மறைகிறது. அதனால்தான் 1996இல் தொடங்கிய இணைய ஆவணகத்தைப் போன்ற பணிகளை நான் நூலகங்களுக்குச் சமமாக மதிக்கிறேன்.

ஆகவே தமிழ்நூல்களை இணையத்தில் ஏற்றும் நூலகங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு நூலை வருடிப் போடுவதோடு நிறுத்தாதீர்கள். ஆசிரியர் பெயரை வழங்கும் வடிவங்கள் அனைத்திலும் குறியுங்கள். பதிப்பாண்டு, பதிப்பித்த ஊர், மூலப்படி இருக்கும் இடம் ஆகியவற்றைக் குறியுங்கள். பொருளடக்கத்தைத் தட்டெழுதிச் சேருங்கள். எந்த முறையில் வகைப்படுத்தினீர்கள் என்பதையும், வகைப்படுத்தியவர் யார் என்பதையும் வெளிப்படையாக எழுதி வையுங்கள். அந்த விவரங்களை யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமை கொடுங்கள். ஒரு நூலுக்கு இதற்காக ஆகும் நேரம் பெரிதல்ல.